மாடி அறையில் வந்த பயம்



இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு கோடை மதியம் நம் லிஃப்டில் நான் மாட்டிக்கொண்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் போடுவதற்கு ஏழெட்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். கையில் ஒரு பால் பாக்கெட்டும் கறிவேப்பிலைக் கட்டும் இருந்தன. வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் பேசினேன். ஆனால் உள்ளே இருந்த நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டதும், சட்டை நனைந்ததும், இதுதான் நம் கடைசி நிமிடம் என்று நினைத்ததும் யாருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

அன்றிலிருந்து படிக்கட்டுதான். யார் கேட்டாலும் நடப்பது உடம்புக்கு நல்லது என்றேன். முட்டி வலியோடு மூன்று மாடி ஏறுகிறவனுக்கு அது என்ன நல்லது என்று யாரும் கேட்கவில்லை. பிறகு லிஃப்டோடு பயம் நிற்கவில்லை. ஜன்னல் திறக்காத ஏசி பஸ்ஸில் ஏற முடியவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். சென்னையில் என் மகள் பதினோராவது மாடியில் குடியிருக்கிறாள். பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும் பல மாதங்கள் நான் அங்கே போகவில்லை. முட்டி வலி என்று போனில் பொய் சொன்னேன்.

நான் வணிகவியல் படித்தவன். முப்பத்தைந்து வருடம் வங்கி கவுன்டரில் உட்கார்ந்தவன். அங்கே ஒரு விஷயம் உண்டு. கணக்கு டேலி ஆகாமல் ஒரு தொகை இடித்தால், அதைத் தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். உடனே தேடிப் பார்த்துச் சரிசெய்துவிட்டால் பிரச்சினை இல்லை. பார்க்கப் பிடிக்காமல் தள்ளிவிட்டால் அது மாதாமாதம் கூடிக்கொண்டே போகும். என் பயத்தை நான் அப்படித்தான் தள்ளி வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்த ஒரு வாழ்க்கையைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம் கீழ்பென்னாத்தூர் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் திருவண்ணாமலை தெரிகிறது அல்லவா, அந்த மலையில் 54 வருடம் இருந்தவர், ரமண மகரிஷி. ஆசிரமத்துக்கு நீங்கள் பலமுறை போயிருப்பீர்கள். தியான மண்டபத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், மயில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர் கதை ஒரு கடுமையான பயத்தில் தொடங்குகிறது என்பதை எத்தனை பேர் யோசித்திருப்போம்?

1879 டிசம்பர் 30 அன்று, அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள திருச்சுழியில் அவர் பிறந்தார். வைத்த பெயர் வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர் அந்த ஊரில் வக்கீலாகத் தொழில் பார்த்தவர், அம்மா அழகம்மாள். வேங்கடராமனுக்கு 12 வயதாக இருக்கும்போது, 1892-ல் அப்பா இறந்துவிட்டார். குடும்பம் பிரிந்தது. வேங்கடராமனும் அண்ணன் நாகசுவாமியும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்தார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் அந்த வீடு இன்றும் நினைவிடமாக இருக்கிறது. மதுரை போகும்போது பாருங்கள்.

பையன் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். கால்பந்து, குஸ்தி, நீச்சல் எல்லாவற்றிலும் முன்னால் நின்றவன். நல்ல பலசாலி. தூங்கினால் இடி விழுந்தாலும் தெரியாது. விழித்திருக்கும்போது அவன்மேல் கை வைக்க முடியாத பையன்கள், அவன் தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைப்பார்களாம். காலையில் அவனுக்கு ஒன்றுமே தெரியாது. அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் சாதாரண மாணவன்.

1896 ஜூலை மாதத்தின் நடுவில் ஒரு நாள். சித்தப்பா வீட்டு மாடி அறையில் தனியாக இருந்தான். வயது 16. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, யாரும் பயமுறுத்தவும் இல்லை. திடீரென்று சாகப் போகிறோம் என்ற பயம் பிடித்துக்கொண்டது. காரணமே இல்லாமல் வந்தது என்பதைக் கவனியுங்கள். காரணம் இருக்கும் பயத்தை நாலு பேரிடம் சொல்ல முடியும். காரணம் இல்லாத பயத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் எனக்குத் தெரியும், உங்களில் சிலருக்கும் தெரிந்திருக்கும்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? கீழே ஓடியிருப்போம், சித்தியைக் கூப்பிட்டிருப்போம். அது தப்பே இல்லை. ஆனால் அந்தப் பையன் அறையை விட்டு நகரவில்லை. சாவு வருகிறது என்றால் சாவது என்ன என்று பார்த்துவிடலாம் என்று அங்கேயே படுத்துவிட்டான். கை கால்களைப் பிணம்போல விறைப்பாக நீட்டினான். உதடுகளை இறுக்கி மூச்சை அடக்கினான். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு போய் எரித்துவிடுவார்கள், சாம்பலாகிவிடும், அதோடு நானும் முடிந்துவிடுவேனா என்று தனக்குள் கேட்டுப் பார்த்தான். உடம்பு அசையாமல் கிடக்கும்போதும் உள்ளே ஒன்று விழிப்போடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. பார்க்கிற அதுதான் நான், எரிகிற உடம்பு நான் இல்லை என்று தெளிந்தது. மரண பயம் அந்த அறையிலேயே கழன்றுவிட்டது. பிறகு வாழ்நாள் முழுவதும் அது திரும்பி வரவில்லை என்று அவரே பிற்காலத்தில் அன்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஆன்மிகத்தில் தேர்ந்தவர்கள் இதை ஆத்ம தரிசனம் என்பார்கள். அதை விளக்க எனக்குத் தகுதி இல்லை. அந்தப் பையனுக்கு வந்ததற்கு இன்றைய மருத்துவத்தில் ஒரு பெயர் ஒட்டவும் எனக்கு உரிமை இல்லை. ஒரு குமாஸ்தாவின் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அவர் அந்தப் பயத்தைச் சஸ்பென்ஸில் போடவில்லை. அன்றைக்கே ஏட்டைத் திறந்து வைத்து, உன் மொத்தத் தொகை எவ்வளவு, காட்டு என்று கேட்டுவிட்டார்.

அடுத்த ஆறு வாரத்தில் படிப்பில் பிடிப்பு போனது. ஆகஸ்ட் 29 அன்று, ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும்படி கொடுத்த தண்டனையைச் செய்துகொண்டிருந்தவர், பாதியில் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தார். அண்ணன் கடிந்துகொண்டார். இங்கே நமக்கு என்ன வேலை என்று அன்றே கிளம்பிவிட்டார். அண்ணன் தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டச் சொல்லிக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாய் எடுத்துக்கொண்டார். மீதி 2 ரூபாயை ஒரு சீட்டோடு வீட்டில் வைத்துவிட்டார்.

அந்தப் பயணத்தின் வரவு செலவு எனக்கு மனப்பாடம். திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. கையில் 3 அணா. திருச்சியில் இரண்டு பேரிக்காய், அரை அணா. ரயிலில் வந்த ஒரு மௌல்வி பெரியவர்தான், திருவண்ணாமலைக்கு விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று சொன்னார். விழுப்புரத்தில் சாப்பாட்டுக் கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரை டிக்கெட். அதோடு கை காலி. அங்கிருந்து நடை. அறையணிநல்லூர், பிறகு கீழூர். கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினார். அடகுச் சீட்டை வெளியே வந்ததும் கிழித்துப் போட்டுவிட்டார்! நகைக் கடன் சீட்டு தொலைந்துவிட்டது என்று கண்ணீரோடு வந்தவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். தானே கிழித்துப் போட்டவரை இவர் ஒருவரைத்தான் கேள்விப்பட்டேன். 1896 செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மீதிக் காசை அய்யங்குளத்தில் வீசிவிட்டார்.

நாளைக்கு என்ன ஆகும் என்ற கவலைதான் நம்மில் பலரை அரிக்கிறது. பென்ஷன், மகன் வேலை, சர்க்கரை அளவு, போர்வெல்லில் தண்ணீர். பெரிய பயம் ஒன்று போனதும் சின்னப் பயங்கள் அவரிடம் தாமாகவே உதிர்ந்துவிட்டன என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொன்னேன். சம்சாரிகளான நாம் பாஸ்புக்கைக் குளத்தில் வீச முடியாது, வீசவும் வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் பயம் தீர்ந்தது, ஆனால் ஒரு தாயின் கவலை அன்றைக்குத் தொடங்கியது. பிள்ளை எங்கே போனான் என்று தெரியாமல் அழகம்மாள் தவித்தார். 1898 டிசம்பரில் பவழக்குன்றில் மகனைக் கண்டுபிடித்து, நாள்கணக்கில் அழுது கூப்பிட்டும் அவர் போகவில்லை. வெறுங்கையோடு திரும்பினார் அந்த அம்மா. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

அந்த ஆரம்ப நாட்களில் அவரையும் மற்றவர்கள்தான் காப்பாற்றினார்கள். பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியதுகூடத் தெரியாமல் இருந்தவரை, சேஷாத்ரி சுவாமிகள் போன்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள், வெளியே தூக்கி வந்தார்கள். பயமில்லாதவருக்கும் பக்கத்தில் நாலு மனிதர்கள் வேண்டியிருந்தது.

1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை, பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமம். அங்கெல்லாம் பாம்பும் தேளும் சாதாரணம். அவற்றின் வீட்டுக்கு நாம்தான் விருந்தாளியாக வந்திருக்கிறோம் என்பது அவர் நினைப்பு. அடிக்க விடமாட்டார்.

1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் அங்கே வந்தார். தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறை ஊழியர். நம்மைப்போல ஃபைல் பார்க்கிற மனிதர். மௌனத்தில் இருந்த சுவாமியிடம் அவர் கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த எழுத்து விடைகள்தான் பிற்பாடு நான் யார் என்ற சிறு நூலாக வந்தது. அதில் சொல்கிற வழி இதுதான்: ஒரு நினைப்பு வந்தால் அதன் பின்னாலேயே ஓடாமல், இது யாருக்கு வந்தது என்று திரும்பிப் பார்ப்பது. கவலைக்காரர்களான நமக்கு இதில் ஒரு எளிய பயன் இருக்கிறது. நெஞ்சு படபடக்கும்போது, ஐயோ போச்சு என்று சொல்வதற்குப் பதிலாக, இப்போது எனக்குப் படபடப்பு வந்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பயத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கவுன்டர் போட்ட மாதிரி ஆகிவிடும்.

1912-ல் நடந்தது பலருக்குத் தெரியாது. பச்சையம்மன் கோயிலிலிருந்து குகைக்குத் திரும்பும் வழியில், ஆமைப்பாறை அருகே அவருக்குக் கண் மங்கியது. மூச்சும் நாடியும் நின்றுவிட்டன, உடம்பு கறுத்தது. கூட வந்த வாசுதேவ சாஸ்திரி, சுவாமி போய்விட்டார் என்று கட்டிப்பிடித்து அழுதார். பத்துப் பதினைந்து நிமிடங்களில் ரத்த ஓட்டமும் மூச்சும் திரும்ப வந்தன. அந்த நேரம் முழுவதும் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது, பயம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. மதுரையில் ஒத்திகை பார்த்தது, 16 வருடம் கழித்து நிஜமாக வந்தபோது கைகொடுத்தது.

அழகம்மாளும் கடைசியில் மகனிடமே வந்தார். 1914-ல் பார்க்க வந்த இடத்தில் அவருக்கு டைஃபாய்டு கண்டபோது மகன்தான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். 1916 முதல் கூடவே தங்கிவிட்டார். 1922 மே 19 அன்று அந்த அம்மா உயிர் பிரியும்போது, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி மகன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். உபதேசம் எதுவும் இல்லை. பயத்தில் இருப்பவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். உன் மனசுதான் காரணம், தைரியமா இரு என்று அறிவுரை சொல்லாமல், பக்கத்தில் உட்காருங்கள்.

1924 ஜூன் 26 ராத்திரி ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். ஜன்னலை உடைத்தார்கள், அவர் இடது தொடையில் அடியும் விழுந்தது. திருப்பி அடிக்கக் கிளம்பிய அன்பர்களை அவர் தடுத்துவிட்டார். வேண்டியதை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டார்.

கடைசி அத்தியாயம் எனக்கு ரொம்ப முக்கியம். 1948 கடைசியில் இடது முழங்கைக்கு அருகில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய். 1949-ல் மட்டும் நான்கு ஆபரேஷன். கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதை மட்டும் அவர் ஏற்கவில்லை. மற்றபடி அலோபதியோ நாட்டு வைத்தியமோ, அன்பர்கள் கொண்டுவந்த சிகிச்சைக்கெல்லாம் உடம்பைக் கொடுத்தார். அந்த நிலையிலும் பார்க்க வந்தவர்களுக்குத் தரிசனம் நிற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு அமைதியாக அடங்கினார்.

மரண பயமே இல்லாதவர் டாக்டரிடம் கையை நீட்டினார். பயத்தோடு இருக்கும் நாம் ஏன் டாக்டரிடம் போக வெட்கப்பட வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை எழுப்பியது.

இன்னொரு உதாரணம் கடல் தாண்டி. ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்ற பெண் டாக்டர் இருந்தார். இளம் வயதில் தன் நெஞ்சுத் துடிப்பைக் கண்டே பயந்து மாதக்கணக்கில் தவித்தவர். போரிலிருந்து திரும்பிய ஒரு நண்பர், பயந்தால் இதயம் வேகமாக அடிப்பது இயல்புதானே, நீ அதைப் பார்த்து மறுபடி பயப்படுகிறாய் என்று விளங்க வைத்தார். 1962-ல் அவர் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் பரவியது. பயத்தை எதிர்கொள், எதிர்த்து மல்லுக்கட்டாமல் வரவிடு, மிதந்தபடி கடந்து போ, நாளாகும், பொறுத்திரு என்பதுதான் அதன் சாரம். மாடி அறைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தப் பையன் செய்ததுபோல மூச்சை அடக்கிப் படுத்துப் பார்க்காதீர்கள். அவர் ஒரே நாளில் மொத்தக் கடனையும் அடைத்தார். நமக்குத் தவணைதான் சரி. முதலில் டாக்டரிடம் போய் இதயம், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்துவிடுங்கள். படபடப்புக்கு உடம்பிலும் காரணம் இருக்கலாம். உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கம்தான். போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசு இலவச எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

நானும் போனேன். டாக்டர் கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுத்தார், பயிற்சியும் கொடுத்தார். முதல் வாரம் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து உள்ளே நிற்பது மட்டும். அடுத்த வாரம் என் வீட்டுக்காரம்மாவோடு ஒரு மாடி. பிறகு தனியாக ஒரு மாடி. படபடப்பு வந்தால் உடனே ஓடி வராமல், அது தானாகத் தணியும் வரை இருப்பது. தணியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தணிந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சீக்கிரமாகவே தணிந்தது. இடையில் இரண்டு முறை பின்வாங்கி, படிக்கட்டுக்கே போனேன். தவணை தவறினால் கணக்கை மூடிவிடுகிறோமா என்ன? அடுத்த மாதம் சேர்த்துக் கட்டுவதுதான்.

போன தை மாதம் சென்னை போனேன். மகள் வீட்டு லிஃப்டில் பதினோரு மாடி. ஏழாவது மாடியில் நெஞ்சு அடித்தது. இப்போது எனக்குப் படபடப்பு வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். கதவு திறந்தது. பேத்தி நடக்கவே ஆரம்பித்துவிட்டிருந்தாள். அவள் முதல் அடி வைத்ததை நான் பார்க்கவில்லை. அது போனது போனதுதான், எந்த ஏட்டிலும் திரும்ப வரவு வைக்க முடியாது. உங்களுக்கு அப்படி ஒன்று நழுவிவிடக் கூடாது என்பதற்காகத்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதினேன்.

தினமும் மாலை ஐந்தரைக்கு மேல் வேப்பமரத்தடி பெஞ்சில் இருப்பேன். லிஃப்டில் தனியாகப் போகத் தயங்குகிறவர்கள், ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்காருகிறவர்கள், யாராக இருந்தாலும் வாருங்கள். அறிவுரை எதுவும் சொல்ல மாட்டேன். கூட ஒரு மாடி வருகிறேன்.